ஐம்பது காசு செல்லுமா? ஒரு நாடு தன் கடைசிக் காசை நிறுத்துவது பற்றி

குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது ஒரு பெட்டிக்கடையில் ஐம்பது காசு நாணயத்தை நீட்டிப் பாருங்கள். கடைக்காரர் கோபப்பட மாட்டார். "இது இன்னும் இருக்குதுங்களா?" என்று புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சட்டத்தைக் கேட்டால், அது இன்றைக்கும் செல்லும் காசு. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி பத்து ரூபாய் வரைக்கும் ஐம்பது காசுகளாகவே எண்ணிக் கொடுக்கலாம். ஆனால் இருபது ஐம்பது காசை ஒன்றாகச் சேர்ப்பதற்கு வீட்டுப் பரண் முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

மிகச் சிறிய நாணயம் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் சாகிறது. முதலில் ஜனங்கள் கைவிடுகிறார்கள், அப்புறம் அரசாங்கம். அமெரிக்காவில் 1793 முதல் அடித்துவந்த ஒரு சென்ட் காசுக்கு 2025-இல் அந்த முறை வந்தது. நவம்பர் 12 அன்று பிலடெல்பியா நாணயச் சாலையில் புழக்கத்துக்கான கடைசிக் காசை அடித்து முடித்தார்கள். செய்தி வந்ததும் இங்கேயும் பலருக்கு ஒரு சந்தேகம்: நம் ஒரு ரூபாயையும் ஒருநாள் இப்படி நிறுத்திவிடுவார்களா? நிறுத்தினால் விலைவாசி ஏறுமா? நிறுத்தத்தான் வேண்டுமா?

முதலில், நிறுத்துவது என்றால் எது?

2016 நவம்பரை அனுபவித்தவர்களுக்கு "நிறுத்தம்" என்றாலே வங்கி வாசல் வரிசைதான் ஞாபகம் வரும். அதனால் இதைப் பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. புதிதாக அடிப்பதை நிறுத்துவது ஒன்று. வங்கிகள் வழியாக அனுப்புவதை நிறுத்துவது இன்னொன்று. கையில் இருப்பது இனிச் செல்லாது என்று அறிவிப்பது மூன்றாவது, இதுதான் கடுமையானது.

அமெரிக்கா அடிப்பதை நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய சென்ட் இன்னும் செல்லும். கனடா 2012 மே 4 அன்று வினிபெக்கில் கடைசி ஒரு சென்டை அடித்தது, 2013 பிப்ரவரி 4 முதல் வங்கிகளுக்கு அனுப்புவதையும் நிறுத்தியது. அங்கேயும் காசு செல்லாமல் போகவில்லை. இந்தியாதான் கடைசி எல்லைவரை போனது. ஒரு பைசா, இரண்டு பைசா, மூன்று பைசா எல்லாம் 1970-களிலேயே மெல்லக் காணாமல் போயிருந்தன. 2011 ஜூன் 30 முதல் 25 காசும் அதற்குக் கீழே உள்ள எல்லாமும் செல்லாது என்று அரசு அறிவித்தது. நாலணாவின் கதை அன்றோடு முடிந்தது. எட்டணா மட்டும் தப்பியது, காகிதத்தில்.

செலவுக் கணக்கு

நிறுத்தச் சொல்பவர்கள் முதலில் எடுத்துப்போடுவது செலவைத்தான். அமெரிக்காவில் 2024 நிதியாண்டில் ஒரு சென்ட் காசு அடிக்க 3.69 சென்ட் ஆனது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் அந்தக் காசால் வந்த நஷ்டம் சுமார் 8.5 கோடி டாலர். இவ்வளவுக்கும் அது செம்புக் காசுகூட இல்லை. 1982 முதல் உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. மலிவான உலோகத்துக்கு மாறியும் கட்டுப்படியாகவில்லை.

நம் ஊரிலும் இதே கதை உண்டு. 2018-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டதற்கு வந்த பதிலின்படி, ஒரு ரூபாய் நாணயம் அடிக்க 1 ரூபாய் 11 காசு. இரண்டு ரூபாய்க்கு 1.28, ஐந்து ரூபாய்க்கு 3.69, பத்து ரூபாய்க்கு 5.54. ஆக ஒரு ரூபாயில் கைநஷ்டம், மற்றதில் எல்லாம் லாபம்.

"அப்போ ஒரு ரூபாயை நிறுத்த வேண்டியதுதானே" என்று இங்கே அவசரப்படுகிறவர்கள் அதிகம். எனக்கு இந்த வாதம் பாதிதான் ஏற்புடையது. 1992 முதல் ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகில் வருகிறது. லேசில் தேயாது, நீலகிரியின் ஆடி மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. அது ஆயிரம் முறை கை மாறினால், ஒரு தடவைக்கு ஆகும் செலவு ஒரு பைசாவில் பத்தில் ஒரு பங்கு. அதே 1.11 ரூபாய்க் காசு வங்கியிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து உங்கள் வீட்டு டப்பாவுக்கு என்று இரண்டே முறை நகர்ந்து படுத்துக்கொண்டால் மொத்தமும் தண்டம். அடிக்கும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். எத்தனை கை மாறுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு சென்டுக்கு அடுத்த பெரிய காசு ஐந்து சென்ட். 2024 நிதியாண்டில் அதை அடிக்க ஆனது 13.78 சென்ட்! ஒரு சென்ட் இல்லாமல் போய், கடைகள் ஐந்து சென்டை அதிகம் கேட்க ஆரம்பித்தால், இங்கே மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போய்விடும். சின்னக் காசை நிறுத்தினால் நேராகப் பணம் மிச்சம் என்று சொல்ல முடியாததற்கு இது நல்ல உதாரணம்.

காசு திரும்பி வருகிறதா?

அதனால் நான் பார்க்கச் சொல்வது வேறொன்று. கடையில் வாங்கிய சில்லறையை மறுபடி கடைக்கே கொண்டுவருகிறார்களா? அமெரிக்க சென்ட் இந்தச் சோதனையில்தான் தோற்றது. கடைகள் மீதி கொடுக்க அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. வாங்கிய ஆட்கள் ஜாடியில் போட்டு மறந்தார்கள். வெளியே போன காசு திரும்பாததால் நாணயச் சாலை வருடா வருடம் கோடிக்கணக்கில் புதிதாக அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும் அரசு பஸ்ஸில் ஏறுங்கள். தொட்டபெட்டா சந்திப்பு தாண்டுவதற்குள் கண்டக்டரின் குரல் மூன்று முறை கேட்கும்: "சில்லறையா குடுங்க, சில்லறையா குடுங்க." தோல்பையில் ஒரு பக்கம் நோட்டு, ஒரு பக்கம் காசு. கட்டணம் ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியாத நிறுத்தம் என்றால் அவர் விரல் காசுப் பக்கத்தைத் துழாவும். இல்லாவிட்டால் டிக்கெட்டைத் திருப்பிப் பேனாவால் மீதித் தொகையை எழுதி, "இறங்கும்போது வாங்கிக்கோங்க" என்பார். நாமும் கட்டபெட்டு வளைவில் தூங்கிவிட்டு, கோத்தகிரியில் அந்தச் சீட்டோடு இறங்கிப் போய்விடுவோம். ஒரு ரூபாய் வேண்டாத காசாகியிருந்தால் கண்டக்டர் அதைக் கேட்டுக் கத்த மாட்டார்.

ஒரு ரூபாயை உயிரோடு வைத்திருக்கும் இன்னொரு இடம் கல்யாண வீடு. மொய் 101, 501, 1001 என்று வைக்கும் பழக்கம் இருக்கும்வரை அந்த ஒற்றை ரூபாய்க்குத் தேவை உண்டு. காசை ஒட்டியே விற்கும் மொய்க் கவர்கள் வேறு வந்துவிட்டன. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு இடம் கிடையாது, ஆனால் முகூர்த்த நாட்களில் எத்தனை காசு இப்படி உறைக்குள் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சோதனை, எந்தத் தொகைக்கு மனிதன் குனிவான் என்பது. நீலகிரியில் இதற்கு அருமையான சான்று கிடைத்தது. காட்டோரம் வீசிய மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு போய், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022 மே மாதம் இங்கே ஒரு திட்டம் வந்தது. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். குடித்தவர் வீசினாலும் வேறொருவர் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறார். பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் அது போனது. அதே திட்டத்தில் பாட்டிலுக்கு ஐம்பது காசு என்று வைத்திருந்தால் யார் குனிந்திருப்பார்? ஒரு ரூபாய் வைத்திருந்தால்? ஐம்பது காசுக்குப் பதில் தெரியும். ஒரு ரூபாய்க்குப் பதில் சொல்லக் கொஞ்சம் தயங்குகிறோம் அல்லவா, அந்தத் தயக்கம் வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறது.

ரவுண்டாக்குவது: உண்மையான பிரச்சினை இங்கேதான்

சின்னக் காசு போனால் விலைகள் எல்லாம் மேலே ஏறிவிடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் விதியை ஒழுங்காக எழுதினால் அப்படி ஆக வேண்டியதில்லை. கனடாவில் எழுதிய விதி எளிது. ரொக்கமாகக் கொடுக்கும் மொத்தத் தொகை ஒன்றிலோ இரண்டிலோ முடிந்தால் கீழே பூஜ்யத்துக்கு. மூன்று, நான்கு என்றால் மேலே ஐந்துக்கு. ஆறு, ஏழு கீழே ஐந்துக்கு. எட்டு, ஒன்பது மேலே பத்துக்கு. கார்டில் கொடுத்தால் ரவுண்டே கிடையாது, சென்ட் பிசகாமல் எடுத்துக்கொள்வார்கள். சுவீடன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் இதே பாதையில் முன்பே போனவை. பின்லாந்து 2002-இல் யூரோவுக்கு மாறிய நாளிலிருந்தே ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசுகளைப் புழக்கத்தில் விடாமல் ரவுண்டாக்கியே காலம் தள்ளுகிறது.

இந்த விதியில் வாங்குபவருக்கு ஒருமுறை 1, ஒருமுறை 2 லாபம். அதே மாதிரி ஒருமுறை 2, ஒருமுறை 1 நஷ்டம். பல பில்கள் சேரும்போது கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய பூஜ்யம்.

ஆனால் எந்த இடத்தில் ரவுண்டாக்குகிறோம் என்பது முக்கியம். ஒரு பேச்சுக்கு, இந்தியாவில் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் போய், ஐந்து ரூபாய்தான் மிகச் சிறிய காசு என்று வைத்துக்கொள்வோம். ஊட்டி மார்க்கெட்டில் கேரட் 33 ரூபாய்க்கு, பீன்ஸ் 23 ரூபாய்க்கு, பூண்டு 28 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரவுண்டாக்கினால் 35, 25, 30, ஆகத் தொண்ணூறு. மொத்தத்தைக் கூட்டிவிட்டுக் கடைசியில் ரவுண்டாக்கினால் 84 என்பது 85. காய்கள் அதேதான், ஐந்து ரூபாய் வித்தியாசம். அதனால்தான் கனடாவின் விதி மொத்தத்தை, அதுவும் வரியெல்லாம் சேர்த்த பிறகு வரும் மொத்தத்தைத்தான் ரவுண்டாக்கச் சொல்கிறது.

மலையில் இதை யாரைவிடவும் நன்றாக உணரக்கூடியவர்கள் சிறு தேயிலை விவசாயிகள். பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் கிலோ விலை அறிவிக்கிறது, ரூபாயோடு பைசாவும் சேர்த்து. பைசா நாணயமே இல்லாத நாட்டில் எதற்குப் பைசா கணக்கு என்று கேட்கத் தோன்றும். உதாரணத்துக்கு விலை 18 ரூபாய் 37 காசு என்று இருக்கட்டும், ஒருவர் மாதத்தில் 340 கிலோ இலை போட்டிருக்கட்டும். அவருக்கு வர வேண்டியது 6,245 ரூபாய் 80 காசு. கடைசியில் ரவுண்டாக்கினால் 6,246. "சில்லறை எதுக்கு" என்று கிலோ விலையையே 18 ரூபாய் ஆக்கிவிட்டால் 6,120. முன்னதில் இருபது காசு லாபம், பின்னதில் 125 ரூபாய் 80 காசு நஷ்டம். காசு ஒழிந்தாலும் கணக்கில் பைசா இருக்கத்தான் வேண்டும். (மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் கழிக்கிற கிலோக்களோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று விவசாயிகள் சொல்வார்கள். அதுவும் உண்மைதான், அது வேறு கட்டுரைக்கான பஞ்சாயத்து.)

பெட்ரோலும் அப்படித்தான். விலைப் பலகையில் பைசா ஓடிக்கொண்டிருக்கும். நாம் "இருநூறுக்கு போடுங்க" என்போம். லிட்டர்தான் முன்னே பின்னே ஆகிறது, காசு ஆகவில்லை. போனில் ஸ்கேன் பண்ணிக் கொடுத்தாலும் பைசா துல்லியமாகப் போகும். கூடலூர், பந்தலூர் பக்கம் மேகம் இறங்கி சிக்னல் படுத்துக்கொள்ளும் நேரம் தவிர.

மிட்டாய் யாருக்கு லாபம்?

இந்தியாவில் சின்னக் காசுகள் போனபோது விடுபட்டுப் போனது இந்த விதிதான். வரிக் கணக்குகளுக்கு விதி இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆவது பிரிவு வரித் தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு ரவுண்டாக்கச் சொல்கிறது: ஐம்பது காசும் அதற்கு மேலும் என்றால் மேலே, குறைந்தால் விட்டுவிடலாம். பெரிய சூப்பர் மார்க்கெட் பில்லின் அடியில் "ரவுண்ட் ஆஃப்" என்று ஒரு வரி கூட்டியோ கழித்தோ வருவதைப் பார்த்திருப்பீர்கள், மெஷின் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறது. ஆனால் மலைக்கிராமத்துக் கடையில் ரொக்கத்துக்கு எப்படி ரவுண்டாக்குவது என்று கனடாவைப் போல எழுதி ஒட்டிய பலகையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எழுதாத விதி ஒன்று இருக்கிறது. எப்போதும் மேலே. "சில்லறை இல்லைங்க, மிட்டாய் எடுத்துக்கோங்க." அந்த மிட்டாயை மறுநாள் அதே கடையில் ஒரு ரூபாய்க்குப் பதிலாக நீட்டிப் பாருங்கள், வாங்க மாட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் செல்லும் நாணயம் அது.

இதில் அடிபடுவது சின்னச் சின்னதாக, ரொக்கத்தில் வாங்குபவர்தான். மாதச் சாமானை மொத்தமாக வாங்கி கார்டு தேய்ப்பவருக்கு மாதத்துக்கு ஒரு ரவுண்ட், அதுவும் கணக்காக. தினக்கூலியில் அன்றன்றைக்கு நூறு கிராம் பருப்பு, கால் லிட்டர் எண்ணெய் என்று வாங்குபவருக்குத் தினம் ஒரு ரவுண்ட், அதுவும் மேல்நோக்கி.

தமிழ்நாட்டில் 2017-இல் ரேஷன் சர்க்கரையைக் கிலோ 25 ரூபாய் ஆக்கியபோது, அந்தியோதயா அட்டைக்காரர்களுக்கு மட்டும் பழைய 13 ரூபாய் 50 காசையே விட்டுவைத்தார்கள். நல்ல விஷயம். ஆனால் மாநிலத்தின் மிக ஏழைகளுக்கான விலையில்தான், யாரும் திருப்பிக் கொடுக்க முடியாத ஒரு ஐம்பது காசு ஒட்டிக்கொண்டது. இரண்டு கிலோ என்றால் 27, கணக்கு நேர். ஒரு கிலோ என்றால் அந்த அரை ரூபாயை யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

அமெரிக்காவும் சென்டை நிறுத்தியபோது நாடு முழுக்க ஒரே ரவுண்டு விதியைக் கையோடு கொண்டுவரவில்லை. கடைக்காரர்கள் தங்களுக்குள் ஆளுக்கொரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். சிலர் வாடிக்கையாளருக்குச் சாதகமாகக் கீழே இறக்கினார்கள், சிலர் சரியான சில்லறை கொண்டுவரச் சொல்லி எழுதி வைத்தார்கள். பணக்கார நாடு என்பதால் விதி தானாக வந்துவிடுவதில்லை.

அப்போ நிறுத்தலாமா?

ஐம்பது காசை அதிகாரபூர்வமாகவே நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. கடையில் செல்லாத காசைச் சட்டத்தில் மட்டும் செல்ல வைப்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அதோடு ரேஷன் சர்க்கரை மாதிரி இன்னும் ஐம்பது காசில் முடியும் அரசு விலைகளையும் கீழ்ப்பக்கமாக முழு ரூபாய் ஆக்கிவிட வேண்டும். ஒரு ரூபாயை இப்போதைக்குத் தொடக் கூடாது. அடிக்கும் செலவு முகமதிப்பைத் தாண்டிவிட்டது என்பது அதற்குப் போதிய காரணம் அல்ல. கண்டக்டர் கேட்பதை நிறுத்தும்வரை அது உயிருள்ள காசு. எப்போதாவது அதை நிறுத்தும் நாள் வந்தால், முதலில் ரவுண்டு விதி, ஒவ்வொரு கடையிலும் தமிழில் ஒரு பலகை, அப்புறம்தான் நாணயச் சாலையில் கை வைக்க வேண்டும். வரிசை மாறினால் மிட்டாய் டப்பாதான் நிறையும்.

நிறுத்துவதற்கு எதிராகச் சொல்லப்படும் மற்ற வாதங்களில், அதாவது உண்டியல் வசூல் குறையும், பழைய ஞாபகங்கள் போய்விடும் என்பவற்றில், எனக்குப் பெரிய பிடிமானம் இல்லை. கோயில் உண்டியல்கள் நாலணா போனதைத் தாங்கிக்கொண்டன.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். வீட்டில் ஐம்பது காசு கிடந்தால் அது இன்னும் பணம்தான். 25 காசும் அதற்குக் கீழும் 2011-க்குப் பிறகு வெறும் உலோகம். "பழைய நாணயத்துக்கு லட்ச ரூபாய் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள்" என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தாங்கள் இந்த வியாபாரத்தில் இல்லை, இதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021-இல் அறிக்கையே விட்டது. உண்மையிலேயே அரிய காசு என்று தோன்றினால், நாணயம் சேகரிப்பவர்களிடம் நேரில் காட்டி விசாரியுங்கள். காட்டுவதற்கு முன்னால் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.